மூடாத ஓடம்

லிமா,
9 பிப்ரவரி 1993

அன்புள்ள எர்லிந்தா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் சிக்ஸ்தோ அத்தானும் என் கெய்லாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தினமும் தூங்கப் போகிறேன். அத்தானின் முதுகுவலி குறைந்ததா? மரம் அறுக்கிற வேலைக்கு இனிமேல் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இந்தக் கடிதத்தோடு லாஞ்சுப் படகுக்கார எலாதியோ ஒரு மூட்டை தருவார். அதில் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட், யூரியா, இன்னொரு உப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்து ஒரு சோதனை நடக்கிறது. கிழங்கில் வெறும் மாவுதான், புரதம் கிடையாது. அதைத் தின்கிற பன்றிக்கு வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது. அதே கிழங்கை அவித்து, ஆறவைத்து, இடித்து, இந்த மூன்றையும் தூவிச் சில நாள் புளிக்கவிட்டால், ஈஸ்ட் அந்த மாவைத் தின்று பெருகிப் பெருகி, தானே புரதமாகிவிடுகிறது. இங்கே கண்ணாடிக் குடுவையில் நன்றாக வருகிறது. ஆற்றங்கரை வீட்டில், நம் பன்றியிடம் வருமா என்று எங்கள் இன்ஜினியர் கேட்கிறார். நான் உன் பெயரைச் சொன்னேன். யூரியா மட்டும் கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம், விஷம்.

உன்னிடம் பலித்தால் நம் ஆற்றங்கரை நகரமான புகால்பாவில் ஒரு கிளை திறப்பார்கள். அங்கே எனக்கு வேலையும் குடியிருக்க வீடும் உண்டு. அடுத்த பள்ளிக்கூட வருஷத்துக்குள் கெய்லாவை என்னோடு அழைத்துக்கொள்வேன். மூன்று வயதில் உன் மடியில் நான் விட்டுவந்த பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. உனக்கும் பாரம் குறையும்.

எல்லோர் கன்னத்திலும் ஒரு முத்தம்.
உன் தங்கை நோரித்

*

சான்தா பெலிசா,
14 மார்ச் 1993

என் நோரித்துக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதமும் மூட்டையும் நனையாமல் வந்தன. நாங்கள் சுகம். அத்தானுக்கு முதுகுவலி பாதி, சோம்பேறித்தனம் பாதி. உனக்குத்தான் அந்த ஊர்ப் புழுதியில் இருமல் வருமே, கவனமாக இரு.

ஆறு ஏறிவிட்டது. தண்ணீர் தோட்டத்துக்குள் நுழைவதற்குள் ஊரே விழுந்தடித்துக்கொண்டு கிழங்கு பிடுங்கியது. வீட்டில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் கிழங்கு. அழுகி ஆற்றோடு போவதைப் பன்றியாவது தின்னட்டும் என்று, நீ சொன்னபடி அவித்து இடித்து, அத்தானின் ஓட்டை ஓடத்தைச் சமையல் கூரைக்குக் கீழே இழுத்துப் போட்டு அதில் கொட்டினேன். மூன்றையும் தூவினேன். மசாத்தோக் கள்ளுக்கு அம்மா கிழங்கை மென்று துப்புவாளே, அவளுடைய எச்சில்தானே நமக்கு ஈஸ்ட், இதற்குப் போய்க் கடையில் காசு கொடுப்பதா என்று சிரிப்பு வந்தது. பிறகு மசாத்தோவுக்குச் செய்வதுபோல வாழை இலையை அடுக்கடுக்காகப் போட்டு மூடி, மேலே கட்டை வைத்து அழுத்தினேன்.

திறந்தபோது மணம் தூக்கியது. பன்றிகள் முகத்தை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கெய்லா கத்துகிறாள்: "யம்மா, ஓடி வா! மேயரம்மா டான்ஸ் ஆடுது!" மேயரம்மா என்பது நம் பெரிய பெண் பன்றி, நடையைப் பார்த்து அத்தான் வைத்த பேர். அது நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து நடந்து, கோழிக் கூண்டின் மேல் சாய்ந்து, அப்படியே குறட்டை விட்டது. மற்றவை சேற்றில் மல்லாந்து கிடந்தன. பக்கத்து வீட்டுத் தோமாசா வேலி மேல் ஏறி நின்று கேட்டாள்: "ஏண்டி எர்லிந்தா, பன்னிக்கு ஊத்துன மசாத்தோவுல எங்களுக்கு ஒரு கிண்ணம் ஊத்தக் கூடாதா? நாங்க என்ன அதவிடக் கேவலமாப் போயிட்டமா?"

இதுதான் உன் புரதம் என்றால் இன்ஜினியரையே வந்து குடிக்கச் சொல்.

கெய்லாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் ஜன்னல் திறந்தமாதிரி இருக்கிறது. அவள் ஒன்றும் பாரமில்லை, ஒரு கோழி எடைகூட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா எர்லிந்தா

*

லிமா,
6 ஏப்ரல் 1993

அக்கா,

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நலம், இருமல்கூட இந்தச் சிரிப்பில் போய்விட்டது.

தப்பு என் மேல்தான். மூடாதே என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே, புளிக்கிற கிழங்கைக் கண்டால் நம் பெண்கள் கை தானாக இலையைத் தேடும் என்பதை எப்படி மறந்தேனோ! அக்கா, ஈஸ்ட்டுக்குக் காற்று கிடைத்தால் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகும். காற்று கிடைக்காவிட்டால் சாராயம் காய்ச்சும். நமக்கு வேண்டியது அதன் பிள்ளை குட்டிதான். அதனால் ஓடத்தில் மெல்லிசாகப் பரப்பு, திறந்தே வை, காலையிலும் மாலையிலும் துடுப்பால் புரட்டிவிடு. ஊர் பேசினால் பேசட்டும். மீன் வாங்க வருகிற வியாபாரியின் தராசில் பன்றிகளை மாதாமாதம் நிறுத்து எனக்கு எழுது. நவம்பருக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

கெய்லாவுக்கு ஒரு ஜோடி செருப்பும் என் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். கால் அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கினேன். மேயரம்மா டான்ஸ் ஆடுகிறது என்று அவள் கத்தியதை நீ எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத் தனியாக வைத்துக்கொண்டு நிறையத் தடவை படித்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.
நோரித்

*

சான்தா பெலிசா,
17 மே 1993

நோரித் கண்ணு,

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சுகம். நீ சாப்பிட்டு உடம்பு தேறியிருக்கிறாயா, போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறதே?

திறந்து வைத்துவிட்டேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது, துணி இல்லாமல் படுத்திருப்பதைப் போல. தோமாசா வந்து ஓடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒடம்புக்கு முடியலையா? மூடக்கூட மறந்து போச்சா உனக்கு?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காத்து வாங்குது" என்றேன். "கெழங்கா? காத்து வாங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க வீட்டுக் கெழங்கு காத்து வாங்கிட்டு வந்துருச்சா?" என்கிறார்கள்.

ஆனால் நோரித், அந்த வாசனை! இந்த ஊரில் ரொட்டிக்கடை இருந்ததே இல்லை. இப்போது மத்தியானம் வெயில் ஏறினால் என் வீடு முழுக்க ரொட்டி சுடுகிற வாசனை. துடுப்பால் புரட்டினால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது, ஆள் தூங்கி எழுந்த படுக்கை மாதிரி. காதை வைத்துக் கேட்டால் ஏதோ மெதுவாக நொறுங்குகிற சத்தம், தூரத்தில் மழை பெய்கிறதா என்று நினைப்பேன். அதைக் கேட்டபடியே ஊஞ்சல் தொட்டிலில் சாய்ந்தால் கெய்லாவும் வந்து வயிற்றின் மேல் படுத்துக்கொள்வாள். இருவரும் எப்போது தூங்கினோம் என்றே தெரியாது. நேற்று ஒரு கனவு. ஆறு முழுக்க வெள்ளை நுரை, மெதுவாக மேல்நோக்கி ஓடுகிறது. அம்மா அதில் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், நுரை சத்தத்தில் கேட்கவில்லை. முன்பெல்லாம் நாம் ஒரே கொசுவலைக்குள் படுத்து, விடிந்ததும் கனவு சொல்லிக்கொள்வோமே. இப்போது யாரிடம் சொல்வேன், அதனால் எழுதுகிறேன்.

பன்றிகள் ஆசையாகத் தின்கின்றன. தோல் மினுமினுக்கிறது. தராசுக்காரர் இன்னும் வரவில்லை.

செருப்பு சின்னதாகிவிட்டது. அவள் விடாமல் காலைத் திணித்துப் பார்த்துவிட்டு, இப்போது அதைப் பொம்மைக்குப் படகாக ஓட்டுகிறாள். போட்டோவைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உன் அக்கா

*

லிமா,
28 ஜூன் 1993

அன்பு அக்கா,

சான் ஹுவான் திருநாளைக்கு நீங்கள் எல்லோரும் ஆற்றில் குளித்து, இலைப் பொட்டலச் சோறு சாப்பிட்டிருப்பீர்கள். நான் இங்கே குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். நலமாக இருக்கிறேன், வானம்தான் வெளுத்துப்போன பாத்திரம் மாதிரி மாதக்கணக்கில் மாறாமல் நிற்கிறது.

தோல் மினுமினுக்கிறது என்று நீ எழுதியதைக் காட்டியதும் இன்ஜினியர் எழுந்தே நின்றுவிட்டார். போன வாரம் வேலையாகப் புகால்பா போனவர் எனக்குத் தரப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இரண்டு அறை, பின்பக்கம் மாமரம், பள்ளிக்கூடம் அதே தெருவில். அக்கா, நான் இரவல் கட்டிலில் படுத்து அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே தூங்கிப்போகிறேன். ஒரு அறையில் கெய்லாவின் கொசுவலைக்கு ஆணிகூட அடித்துவிட்டேன். கனவில் அடித்த ஆணியாக இருந்தாலும் ஆணிதானே.

எடையை மட்டும் சீக்கிரம் எழுது. செருப்பு அடுத்த அளவு வாங்கி வைத்திருக்கிறேன். அதை நானே மாட்டிவிடுகிறேன்.

நோரித்

*

லிமா,
10 ஆகஸ்ட் 1993

அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? எல்லோருக்கும் உடம்பு சரியாகத்தானே இருக்கிறது? கெய்லாவுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? இரண்டே வரி போதும்.

நோரித்

*

சான்தா பெலிசா,
12 செப்டம்பர் 1993

தங்கைக்கு,

நலம். கெய்லாவுக்கு ஒன்றுமில்லை. ஆறு வற்றிவிட்டது, லாஞ்சு மணலில் தட்டி நிற்கிறது, அதனால்தான் தாமதம்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பன்றிகள் தேறவில்லை. முதலில் தோல் மினுமினுப்பாக இருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடிக் குடுவையில் வருவது நம் மண்ணில் வராதோ என்னவோ. இன்ஜினியரிடம் அப்படியே சொல்லிவிடு. நீ வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ளாதே.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பழைய பட்டி போதவில்லை என்று அத்தான் பெரிதாகப் புதுப் பட்டி கட்டுகிறார், அவருக்குக் கம்பு பிடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. கெய்லா ஆற்றில் நீந்தக் கற்றுக்கொண்டாள்.

தூக்கமும் சரியில்லை. திரும்பத் திரும்ப ஒரே கனவு. ஓடத்தின் மேல் இலை போட்டு மூடிக்கொண்டே இருக்கிறேன். இலை எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. அடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் இன்னும் ஒரு இலை போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எர்லிந்தா

*

லிமா,
5 அக்டோபர் 1993

அக்கா,

நலம்தான். நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தைச் சொன்னேன். இன்ஜினியர் ஒன்றும் திட்டவில்லை. ஆற்றோர வீட்டுக்கு இது சரிப்படாது போல என்றார். நவம்பர் கடைசியில் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார். புகால்பா இல்லை. நான் இங்கேயே இருப்பேன், இன்னும் இரண்டு வருஷமோ மூன்றோ. உன் மேல் கோபமில்லை. நீ எவ்வளவு உழைத்திருப்பாய்.

உன் கடிதத்தில் ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். அத்தான் பெரிய பட்டி கட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். மெலிந்த பன்றிகளுக்குப் பழைய பட்டி ஏன் போதவில்லை என்று நான் கேட்கவில்லை, அக்கா. இங்கே யாரிடமும் சொல்லவும் இல்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் ஒரு கனவு வருகிறது. கெய்லா என்னைக் கூப்பிடுகிறாள். ஆனால் அது மூன்று வயதுக் குரல். அவளுடைய இப்போதைய குரல் எனக்குத் தெரியாது, அதனால் கனவுக்கும் தெரியவில்லை.

நோரித்

*

சான்தா பெலிசா,
9 நவம்பர் 1993

என் நோரித்,

நாங்கள் நலம். இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்துகொள்.

பன்றிகள் கொழுத்துவிட்டன. மே மாதத்திலிருந்தே கொழுக்கின்றன. மேயரம்மா பழைய பட்டி வாசலில் சிக்கிக்கொண்டு, கட்டையை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம். வெறும் கிழங்கு தின்கிற தோமாசாவின் பன்றி அதன் பக்கத்தில் நின்றால் அதன் குட்டி மாதிரி இருக்கிறது. நான் உன்னிடம் பொய் சொன்னேன். ஏன் என்று உனக்குத் தெரியும், அதை என்னை எழுத வைக்காதே. உன் ஜூன் கடிதத்தை மாமரம் வரைக்கும் படித்தேன், பிறகு கெய்லாவின் கொசுவலைக்கு நீ அடித்த ஆணியைப் படித்தேன்.

அத்தான் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உன் அக்டோபர் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டியபோது மட்டும், பட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "அவ பிள்ளைடி அது" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

என் வாய்ச்சொல்லை இனி இன்ஜினியர் ஏன் நம்ப வேண்டும்? அதனால் மேயரம்மாவையே அனுப்பிவிட்டேன். அத்தான் கூடவே போயிருக்கிறார். தோமாசாவின் பன்றியும் போயிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க. புகால்பா துறைமுகத்தில் உங்கள் ஆட்களை வரச் சொல்லி லாஞ்சுக்கார எலாதியோ ரேடியோவில் சொல்லியிருக்கிறார். அவர்கள் தராசில் அவர்களே நிறுக்கட்டும். ஏற்றுவதற்குள் பலகை முறிந்து ஊரே தண்ணீரில் விழுந்தது. "எங்க பன்னிக்கு டிக்கெட்டு, எனக்கு இல்லையா? இந்த வயசுல நானும் புகால்பா பாக்க வேணாமா?" என்று தோமாசா கரையில் நின்று ஒரே ரகளை. கடைசியில் அவளையும் ஏற்றிவிட்டார்கள்.

லாஞ்சு வளைவு திரும்பியதும் ஊர் அமைதியாகிவிட்டது. நானும் கெய்லாவும் வெகுநேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

உன் அக்கா

*

லிமா,
11 டிசம்பர் 1993

அக்கா, என் அக்கா,

வேலை கிடைத்துவிட்டது. வீடும் கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் நிறுத்துப் பார்த்தவர்கள் தராசு கெட்டுவிட்டது என்று இன்னொரு தராசு கொண்டுவந்தார்களாம். அத்தான் உனக்குச் சொல்லியிருப்பார். பிப்ரவரித் தொடக்கத்தில் லாஞ்சில் வருகிறேன்.

நீயும் அத்தானும் எங்களோடு வந்துவிடுங்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். தோட்டத்தையும் ஆற்றையும் விட்டு நீ வரமாட்டாய். விடுமுறைக்கெல்லாம் அவளை அனுப்புவேன், இது சத்தியம்.

பொய்யைப் பற்றி நாம் இனிப் பேச வேண்டாம். உன் இடத்தில் நானாக இருந்தால் மேயரம்மாவை ஏற்றியிருக்கமாட்டேன். எனக்கு இப்போது ஒரே பயம்தான். நான் வந்து இறங்கும்போது அவள் உன் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவளைத் திட்டாதே. நான் காத்திருப்பேன்.

எல்லோரையும் அணைத்துக்கொள்கிறேன்.
நோரித்

*

சான்தா பெலிசா,
16 ஜனவரி 1994

நோரித் கண்ணுக்கு அக்கா எழுதுவது.

இங்கே மழை பிடித்துவிட்டது. அத்தான் நலம், நான் நலம். நீ வரும் வழியில் குளிருக்குப் போர்வை எடுத்துக்கொள், மலை ஏறி இறங்கும்வரை பஸ்ஸில் நடுக்கும். இப்போது ஊரில் பாதி வீட்டு ஓடங்கள் திறந்துதான் கிடக்கின்றன. காலையில் எழுந்தால் பனிமூட்டத்துக்குள் ஊர் முழுக்க ரொட்டி வாசனை, ஆள் யாரும் தெரிவதில்லை. புகால்பா போய்வந்த தோமாசா இன்ஜினியர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த வீட்டில் சரியாகப் புரட்டுகிறார்கள் என்று பார்த்து வருகிறாள்.

கெய்லாவின் துணிகளைத் துவைத்து வைத்துவிட்டேன். மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், அவளே எடுப்பாள், ஆனால் கூட உட்கார்ந்திரு. இடி இடித்தால் பயப்படுவாள், பயமில்லை என்று சொல்வாள், நம்பாதே.

உன் கடிதம் வந்த மறுநாளே அவளிடம் சொன்னேன். "உங்கம்மா வர்றா. இனிமே என்னயப் பெரியம்மான்னு கூப்பிடணும், சரியா?" அவள் என்னையே பார்த்தாள். "ஏன்? நீ எங்க போற?" என்று கேட்டாள். "நான் எங்கயும் போகல" என்றேன். அப்படியானால் எதற்கு மாற்ற வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நீ வந்து இறங்கும்போது அந்தச் சொல் உனக்கென்று இருக்க வேண்டும். மறந்து மறந்து கூப்பிடுகிறாள். நான் அடுப்பைக் கிளறுகிறேன், கிழங்கைப் புரட்டுகிறேன், காது கேட்காதவள் மாதிரி இருக்கிறேன். சில நாள் தோற்றும்போனேன்.

நேற்று நான் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் மேட்டில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் துணியை அலசினேன். மறுபடி கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. மறுபடியும். அப்புறம் சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் முதுகுக்குப் பின்னால் மிக அருகில், மெதுவாக, "பெரியம்மா" என்றாள்.

சரியாகச் சொன்னாள், நோரித். நான் ஞாபகப்படுத்தாமல் தானாகச் சரியாகச் சொன்னாள். நான் அப்போதும் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

சீக்கிரம் வா.
உன் அக்கா எர்லிந்தா